ஆமென் போட்டாச்சு

பிப்ரவரி 9, திங்கள்

விடுதி ஜெபக் குழுவில் இன்று ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். குழுத் தலைவி ஜாய்ஸ் அக்கா நான்காம் ஆண்டு. இந்த வருஷம் எங்களை எல்லாம் எப்படியாவது பரலோகத்தில் சேர்த்துவிட்டுத்தான் கல்லூரியை விட்டுப் போவதென்று இருக்கிறார். டைரியின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ‘இன்று தேவன் என்னோடு பேசியது’ என்று அச்சடித்து, கீழே நாலு கோடு போட்டிருக்கிறது. மீதி இடம் காலி. நாலு கோட்டை தேவனுக்கு விட்டுவிட்டு, காலி இடத்தில் என் கதையை எழுதப் போகிறேன். நல்ல தாள், வீணாகக் கூடாது.

நான் ஹெப்சிபா. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எந்த ஊருக்கு, எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் அறிவிக்கும் குரல் அப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேத பாடம் வாசிப்பதும் அதே குரல்தான். எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். அப்பா வாசித்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள் எழுந்து பையைத் தேடுவார்கள், வண்டி வந்துவிட்டது என்று.

காலையில் முதல் வண்டியை அனுப்பிவிட்டு தான் மைக்கில் அறிவிக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் அனுப்புவார். ஒரு வசனம், ஒரு ஜெபம். நான் விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. நான் ‘ஆமென் அப்பா’ என்று பதில் போடுவேன். கண்ணைத் திறக்காமலே போட வரும். A, M என்று தட்டினாலே மீதியை போன் போட்டுக்கொள்ளும்.

பிப்ரவரி 11, புதன்

லேப் ரெக்கார்டு. கை வலி. ஆமென் போட்டாச்சு.

பிப்ரவரி 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அலாரத்தை மேகலா அணைத்துவிட்டாள் என்று எழுதலாம், ஆனால் நான்தான் அணைத்தேன். மேகலா என் அறைத் தோழி, கோபிச்செட்டிபாளையம். அவள் எழுந்து தலைக்குக் குளித்து மருதமலைக்கே போய்த் திரும்பிவிட்டாள். திருநீறு பூசிவிட்டு என் கட்டில் முன்னால் நின்று, “ஏன்டி, உங்க சாமிக்கு இன்னைக்கு லீவா?” என்றாள்.

மத்தியானம் அம்மா போன் பண்ணினாள். “கோயிலுக்குப் போனியாளா? பிரசங்கம் எப்படி?” என்றாள். நல்லா இருந்துச்சும்மா என்றேன். “எதப் பத்தி?” என்றாள். மன்னிப்பைப் பத்தி என்றேன். மன்னிப்பு என்று சொன்னால் எந்த ஞாயிற்றுக்கும் பொருந்தும்.

அப்பாவிடம் கொடு என்றேன். “அவங்களுக்குத் தொண்ட கட்டிக்கிட்டு. பனியில கூண்டுக்குள்ள உக்காந்து உக்காந்து ஒரு மாசமா இப்படித்தான் இருக்கு. பேசாதீங்கன்னா கேக்காவளா?” என்றாள். மிளகுப் பால் குடிக்கச் சொல் என்று வைத்தியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டன. ஈஸ்டர் வரை ஜாய்ஸ் அக்கா கறி மீன் தொடமாட்டாராம். எங்கள் மெஸ்ஸில் கறி என்று போடுவதைத் தொடாமலிருக்க லெந்து தேவையில்லை. நான் இன்ஸ்டாகிராமை விடுவதாகச் சொல்லி எல்லோர் முன்னாலும் போனிலிருந்து நீக்கினேன். கைதட்டினார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்ஸ்டாகிராம் திரும்ப வந்துவிட்டது. சீனியர் ஒருவர் பிராஜெக்ட் படங்களை அதில்தான் போட்டிருக்கிறார் என்பது காரணம். காரணம் உண்மைதான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நாய்க்குட்டி வீடியோ பார்த்ததற்குத்தான் காரணம் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

இன்டர்னல் தேர்வு. சிக்னல்ஸ் பேப்பர் ஊற்றிக்கொண்டது. அப்பாவின் வாய்ஸ் எல்லாம் இப்போது சின்னதாக வருகிறது. முன்பெல்லாம் மூன்று நிமிடம் காட்டும், இன்று ஒரு நிமிடம்கூட இல்லை. அப்பாவுக்கும் வேலை அதிகம் போலிருக்கிறது. சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

கேட்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலிருக்கவும் முடியவில்லை.

ஜெபக் குழுவில் சாட்சி சொல்லும் நேரம். தன் வாழ்க்கையில் தேவன் என்ன செய்தார் என்று ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். இன்று யாரும் எழவில்லை. ஜாய்ஸ் அக்காவின் பார்வை வரிசையாக வந்து என்மேல் நின்றது. “ஹெப்சி, இவ்ளோ படிப்புக்கு நடுவுல நீ எப்படி விசுவாசத்தக் காப்பாத்திக்கிற? சொல்லேன்” என்றார்.

எழுந்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடிக் கூண்டு, முதல் வண்டி, வாய்ஸ், எல்லாம். “எங்க அப்பா குரலக் கேக்காம என் நாள் ஆரம்பிக்கிறதே இல்ல” என்றேன். அந்த வாக்கியம் தானாக வந்தது. வந்த பிறகு நன்றாக இருந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். பரீட்சை ஹாலில் பயம் வரும்போது அப்பா சொன்ன வசனம் காதில் கேட்கும் என்றேன். முதலாண்டுப் பிள்ளை ஒருத்தி அழுதேவிட்டாள். அவளுக்கு அப்பா இல்லையாம்.

மேகலாவும் இருந்தாள். கூட்டம் முடிந்ததும் கேக் கொடுப்பார்கள், அதற்காக வருவாள். அறைக்குத் திரும்பும் வழியில் கேக்கைத் தின்றுகொண்டே, “நீ அதக் கேட்டு நான் ஒரு நாளும் பாத்ததில்லையே?” என்றாள். ஹெட்செட்டில் கேட்பேன் என்றேன். “உன் ஹெட்செட்டு தீபாவளிக்கே உடைஞ்சு போச்சு” என்றாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

மார்ச் 11, புதன்

பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு நாள் குறித்துவிட்டார்கள், வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி. நாங்கள் செய்யும் சர்க்யூட் போர்டு இன்னும் வேலை செய்யவில்லை. புகை மட்டும் ஒழுங்காக வருகிறது. அப்பாவின் வாய்ஸ் இன்று பழையபடி நீளம். தொண்டை சரியாகிவிட்டது போல. ஆமென் போட்டாச்சு.

மார்ச் 15, ஞாயிறு

லேபில் இருந்தேன். அம்மா கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அப்பா இன்னைக்குக் கோயில்ல வாசிச்சாங்க. கோயில் நிறைஞ்சு ஆளு. டிப்போவுலருந்து டிரைவர் கண்டக்டர்லாம் வந்திருந்தாவ. நீ வந்திருக்கலாம்.”

அப்பா மாதத்தில் இரண்டு ஞாயிறு வாசிக்கிறவர். அதற்கு டிரைவர் கண்டக்டர் எதற்கு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் பிராஜெக்ட் பார்ட்னர் போர்டை நீட்டி, மறுபடி புகைகிறது என்றான். ரிவ்யூ இருக்கும்மா, எப்படி வர முடியும் என்றேன்.

“அப்பாவும் அதான் சொன்னாங்க. பிள்ளையத் தொந்தரவு பண்ணாத, நான் சொல்லியாச்சு, அவளும் ஆமென் போட்டுட்டான்னு.” பிறகு, “வெள்ளிக்கிழமையாவது வருவியாளா?” என்றாள்.

லெந்து வெள்ளிகளில் எங்கள் கோயிலில் விசேஷ ஆராதனை உண்டு. அதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, “வெள்ளிக்கிழமதான் ரிவ்யூவே. நீங்க போங்கம்மா, எனக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க” என்றேன்.

“சரி” என்றாள். வைத்துவிட்டாள். அம்மா பொதுவாக மூன்று தடவை ‘சரி வச்சிரட்டா’ கேட்காமல் வைக்கமாட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஜாய்ஸ் அக்கா மெஸ்ஸில் பிடித்துக்கொண்டார். என் சாட்சி எல்லோரையும் தொட்டுவிட்டதாம். வியாழக்கிழமை கூட்டத்தில் அப்பாவின் வாய்ஸ் ஒன்றை எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டுமாம். மூன்று நிமிட அளவில் இருந்தால் நல்லதாம். சரிக்கா என்றேன். இதிலென்ன, அப்பா நன்றாகத்தானே ஜெபிப்பார்.

மார்ச் 20, வெள்ளி

திருநெல்வேலி. ஆஸ்பத்திரி வராந்தா. அப்பா உள்ளே இருக்கிறார். வெளியே வர மத்தியானம் ஆகுமாம். அம்மா என் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடி வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஜெபிக்க வெட்கப்பட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நடந்தது இது. கூட்டத்தில் மேகலா ஸ்பீக்கரோடு என் போனை இணைத்தாள். எதைப் போட என்று கேட்டாள். நான் முன்கூட்டிக் கேட்டு வைத்திருக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் போடப்போகிற ஒன்றைக்கூட நான் கேட்டுப் பார்க்கவில்லை. விரலால் மேலே தள்ளினேன். மூன்று நிமிடம் காட்டியது ஒன்று, போன வாரம் புதன்கிழமை வந்தது. அதைக் காட்டினேன். ஜாய்ஸ் அக்கா எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்.

ஸ்பீக்கரில் வந்தது அப்பாவின் குரலா என்றே முதலில் தெரியவில்லை. கரகரவென்று, தகரத்தை இழுப்பதுபோல் இருந்தது.

“பாப்பா, குட் மார்னிங். அப்பா பேசுதேன். தொண்ட இப்படித்தான் இருக்கு, பொறுத்துக்கோ. ரிசல்ட்டு வந்துட்டு மக்ளே. அது நல்ல கட்டி இல்லையாம். இருவதாம் தேதி வெள்ளிக்கிழம ஆபரேஷன். குரல்வளையையே எடுத்தாத்தான் ஆளு பிழைக்கும்னு டாக்டர் சொல்லுதாரு. எடுத்துட்டா அப்புறம் அப்பாவுக்குப் பேச்சு இல்ல. வார ஞாயித்துக்கிழம கோயில்ல கடைசியா ஒரு தடவ வாசிக்கச் சொல்லிருக்காவ. முடிஞ்சா வா மக்ளே. பரீட்ச கிரீட்ச இருந்தா வரவேண்டாம், படிப்புதான் முக்கியம். அம்மா அழுதா, நீ பெருசா எடுத்துக்கிடாத. சரி, ஜெபிப்போமா?”

அதற்குப் பிறகு அப்பா ஜெபித்தார். நான் நிறுத்தவில்லை. கை வரவில்லை. முழுவதும் ஓடி முடிந்தது. யாரோ ஒருத்தி பழக்கத்தில் “ஆமென்” என்றாள்.

கண்ணைத் திறந்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன் மேகலா கையில் இருந்தது. அந்த வாய்ஸுக்குக் கீழே ‘ஆமென் அப்பா’ என்று என் பதில், அது வந்த அதே நிமிடத்தில் போட்டது. அதற்கு மேலும் கீழும் கேட்கப்படாமல் வரிசையாகக் கிடந்த மற்ற வாய்ஸ்கள். மேகலா அதையெல்லாம் பார்த்தாள். பார்த்துவிட்டு போனைத் திருப்பி, வேறு யாரிடமும் காட்டாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “கெளம்புடி. பஸ் பாக்கலாம்” என்றாள். ரிவ்யூவுக்கு என்னால் வர முடியாது என்று பார்ட்னருக்கும் அவளே போன் பண்ணிச் சொன்னாள். ஜாய்ஸ் அக்கா என்னைத் தொட வந்தார். நான் விலகிக்கொண்டேன். தொடுமளவுக்கு நான் சுத்தமாக இல்லை என்று தோன்றியது.

அந்த முதலாண்டுப் பிள்ளை, அப்பா இல்லாதவள், வாசலில் நின்றிருந்தாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

காலையில் நான் வந்து சேர்ந்தபோது அப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியிருந்தார்கள். பச்சை உடுப்பு, தலையில் தொப்பி. எத்தனையோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அப்பா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோய், அந்தத் தகரக் குரலில் கேட்டார்.

“எந்த வண்டியில வந்த?”

சொன்னேன்.

“அவன் திருப்பூர்ல ஆள் பிடிக்க நிப்பாட்டிருப்பானே. லேட்டு பண்ணிட்டானா?”

ஆமாப்பா என்றேன்.

“பண்ணுவான்” என்றார். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா தன் குரலில் என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான். வண்டி லேட்டைப் பற்றி.

மார்ச் 21, சனி

கட்டி முழுவதும் எடுத்தாயிற்று என்கிறார்கள். கழுத்தில் ஒரு துளை, அதில் குழாய். அம்மா இன்று என்னிடம், “காப்பி குடிச்சியா?” என்று கேட்டாள். நான் அழுதேன்.

மார்ச் 24, செவ்வாய்

அப்பா உட்காருகிறார். அவர் போனை வாங்கிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டி எங்களிடம் நீட்டுகிறார். காலையிலிருந்து அம்மாவிடம் தட்டியதெல்லாம் டிப்போவைப் பற்றி. கூண்டில் இப்போது யார், ராமநாதனா, அவனுக்கு உவரி வண்டி நேரம் தெரியாதே, என்று.

அம்மா குழம்பு வாங்கப் போனதும் நான் கட்டிலருகில் போய் நின்றேன். சொல்லிவிட்டேன். “அப்பா, நான் எதையுமே கேக்கல. ஒண்ணக்கூடக் கேக்கல. சும்மா ஆமென் போட்டேன்.”

அப்பா போனில் எங்கள் இருவருடைய வாட்ஸ்அப் பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினார். அவர் அனுப்பிய ஒவ்வொரு வாய்ஸுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மைக் படம். அதில் விரலை வைத்தார். எல்லாம் சாம்பல் நிறம். கீழே தள்ளினார். அந்தப் புதன்கிழமையுடையது மட்டும் நீலமாக இருந்தது. கேட்டால்தான் நீலமாகும் என்று தட்டிக் காட்டினார். டிப்போவில் ஒரு கண்டக்டர் பையன் சொல்லிக்கொடுத்தானாம், நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே.

அதாவது அப்பாவுக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரியும். நான் ‘ஆமென்’ போட்ட ஒவ்வொரு காலையும் அந்தச் சாம்பல் மைக்கைப் பார்த்துக்கொண்டு அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாளும் அனுப்பியிருக்கிறார்.

“பின்ன ஏம்ப்பா ஆபரேஷன அதுல சொன்னீங்க? போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?”

அப்பா தட்டினார். ரொம்ப நேரம் எடுத்தது. நீட்டினார்.

‘உன்கிட்ட சொல்லணும் போல இருந்துச்சி. பரீட்ச நேரம் நீ பயந்துரக் கூடாது. நீ கேக்க மாட்டன்னு தெரியும். அதான் தைரியமா சொன்னேன்.’

படித்துவிட்டு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. திட்டியிருந்தால் நின்றிருப்பேன். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். அப்பாதான் விரட்டினார். ரிவ்யூவுக்கு வேறு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

கோயிலுக்குப் போனேன். குருத்தோலை ஞாயிறு. கையில் ஓலையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் வாய்ஸ்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேட்க ஆரம்பித்தேன். மேகலா தன் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

மழை பெய்கிறது என்கிறார். கூண்டுக்குள் ஒரு அணில் வந்துவிட்டது என்கிறார். நான் எப்போதோ போனில் சொன்னதெல்லாம் ஜெபத்தில் வருகிறது. சிக்னல்ஸ் பேப்பர் வருகிறது. ‘அந்தப் புகையுற மெஷின்’ வருகிறது. மேகலாவின் அம்மாவுடைய முழங்கால் வலிகூட வருகிறது. பின்னணியில் ஹாரன் சத்தம், நடுவில் யாரோ, “அண்ணாச்சி, சாத்தான்குளம் வண்டி போயிட்டா?” என்று கேட்கிறார். அப்பா “ஒரு நிமிசம் ஆண்டவரே” என்று சொல்லிவிட்டு அவருக்குப் பதில் சொல்கிறார். நான் சிரித்தேன். சிரித்ததற்கும் வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி மாதத்துடையது ஒன்று. அப்பாவின் குரல் அப்போதே உடைந்திருக்கிறது. மிகச் சின்னது.

“ஆண்டவரே, பாப்பா இதக் கேக்க மாட்டா. தூங்கட்டும், பிள்ளைக்கு அசதி. நீர் கேளும். ஆமென்.”

இதற்கு மேல் இன்று முடியவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய வெள்ளி. ஊரில் மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் அப்பா வாசிக்கிற பகுதியை இந்த வருஷம் வேறு யாரோ வாசித்தார்களாம். அப்பா முதல் வரிசையில் கழுத்தில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தாராம். “அவன் மூச்சு விடாம வாசிக்கான்” என்று அம்மாவின் கையில் விரலால் எழுதிக் காட்டினாராம். அம்மா சொல்லிச் சிரித்தாள். மூன்று தடவை ‘வச்சிரட்டா’ கேட்டுவிட்டு வைத்தாள்.

ஏப்ரல் 9, வியாழன்

குழுவில் எழுந்து நின்று சொன்னேன். போன மாதம் நான் சொன்ன சாட்சி பொய் என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. ஜாய்ஸ் அக்கா, தானும் லெந்தில் இரண்டு தடவை பிரியாணி தின்றதாகச் சொன்னார். அந்த முதலாண்டுப் பிள்ளை என்னிடம் வந்து, “உங்க அப்பா வாய்ஸ் இன்னொண்ணு போடுவீங்களாக்கா?” என்று கேட்டாள். முதலில் நான் முழுவதும் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 13, திங்கள்

இன்று நான் அப்பாவுக்கு வாய்ஸ் அனுப்பினேன்.

விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் யார் யாருடையதோ துணி. போனை வாயருகில் வைத்ததும் ஒன்றும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ கூட்டத்தில் கணீரென்று ஜெபித்தவள்தான் நான். ஒரு ஆள் கேட்பதற்காகப் பேசியபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. பேசி அழித்தேன், மறுபடி பேசி அழித்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் பேசி முடித்தேன். அப்பாவின் காயம் ஆற வேண்டும், அம்மா தூங்க வேண்டும், ராமநாதன் அண்ணாச்சி உவரி வண்டியைச் சரியாக அனுப்ப வேண்டும். நான் உம்மிடமும் இப்படித்தான் இருந்திருக்கிறேன் ஆண்டவரே, என்றும் சொன்னேன். அனுப்பினேன்.

போன உடனே பதில் வந்துவிட்டது.

‘ஆமென் பாப்பா.’

நான் பேசியது இரண்டு நிமிடத்துக்கு மேல். பதில் வந்தது கண் இமைப்பதற்குள். மைக்கைப் பார்த்தேன். சாம்பல்.

துணிக்கொடிக்கு நடுவில் அப்படியே நின்றேன். மாடியில் யாருமில்லாதபோதும் எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசியது அங்கே அப்படியே கிடக்கிறது. ஒரு காலைக்கே எனக்கு நெஞ்சு இப்படி வலிக்கிறதே. அப்பா எத்தனை காலை இதைப் பார்த்தார்?

கீழே மணி அடித்தது. நான் நகரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். மைக் நீலமானது.

அப்பாவின் பெயருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒற்றை விரல். காத்திருந்தேன். முதல் வகுப்பு ஆரம்பித்திருக்கும்.

‘சும்மா வெளாட்டுக்குப் போட்டேன் மக்ளே. முழுசும் கேட்டேன். ரெண்டு தடவ. நீயும் மூச்சு விடாம பேசுத. நிதானமா சொல்லு. வண்டி போயிராது.’